அப்பாயி தூங்கணும், டேலியும் ஓடணும்

தா.பழூரில் ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் முதலில் நிற்பது சீலிங் ஃபேன். இறக்கை மெதுவாகி, ஒரு தடவை முனகிவிட்டு நின்றுவிடும். தெருவிளக்கும் போய்விடும். அப்போது கொள்ளிடம் பக்கத்து வயல்களிலிருந்து தவளைச் சத்தம் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டில் அது கேட்காது. யூபிஎஸ் புண்ணியத்தில் சிபியூ மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், "ம்ம்ம்ம்ம்..." என்று. அது போதாதென்று யூபிஎஸ் தன் பங்குக்கு "பீப்... பீப்...".

இந்தப் பெட்டி இவ்வளவு சத்தம் போடுகிறது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கோடையில் சீலிங் ஃபேன் அதை மூடி மறைத்துவிடும். மார்கழியில் ஃபேனை நிறுத்தினாலோ, இப்படிக் கரண்ட் போனாலோதான் குட்டு வெளிப்படும்.

கணக்குப் பாடத்தில் வருகிற மாதிரி ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஒரு கூடம், ஒரு அடுப்படி. கூடத்தின் மூலையில் கம்ப்யூட்டர். இரண்டு எட்டு தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் அப்பாயி. கீழே பாயில் அப்பா. விடியக்காலை மோட்டார் போட வயலுக்குப் போகணும். பையன் பி.காம். படிக்கிறான். பகலில் காலேஜ். ராத்திரியில் தெரிந்த ஆடிட்டர் ஒருவருக்கு டேலி எண்ட்ரி போட்டுத் தருகிறான். மாதாமாதம் கணக்குக் காட்டுகிற வியாபாரிகளுக்கு 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போகணும், 20ஆம் தேதிக்குள் 3பி போகணும். அந்தத் தேதிகளுக்கு முந்தைய ராத்திரிகள் தூக்கமில்லாத ராத்திரிகள்.

பையனுக்குத் தூக்கம் இல்லாமல் போனால் பரவாயில்லை. கட்டிலில் இருந்து குரல் வரும்:

"அய்யா, அந்தப் பொட்டிய அமத்துய்யா. காதுக்குள்ள வண்டு பூந்த மாரி இருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரந்தான் அப்பாயி."

"ஒன் கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாதா?"

பத்து மணிக்கே அமர்த்தியாக வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் போகிறது என்றால் இரண்டு மாதத்தில் 120 மணி நேரம். சத்தம் என்பது சொகுசுப் பிரச்சினை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கணக்கு. ஏசி ரூமில் தனியாக உட்கார்ந்து கேம் விளையாடுகிறவருக்கு அது சொகுசு. ஒரே கூடத்தில் நான்கு பேர் படுக்கிற வீட்டில் அது வேலை நேரம், வருமானம், கிழவியின் தூக்கம்.

சரி, புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம் என்று பையன் முடிவு செய்கிறான். பட்ஜெட் சின்னது. கடையில் போய்ச் சத்தம் கம்மியாக வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

"தம்பி, ஃபேன்னு இருந்தா சத்தம் வரத்தான் செய்யும். வேணும்னா லைட்டு வெச்ச ஃபேன் போட்டுத் தரேன், சூப்பரா இருக்கும்."

லைட்டுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் அண்ணே!

எது எதனால் சத்தம் வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை.

சத்தத்தின் தாய் யார்?

சிபியூ பெட்டிக்குள் சத்தம் போடுகிறவர்கள் மொத்தம் நான்கு பேர். பிராசஸர் மேல் இருக்கும் ஃபேன், எஸ்எம்பிஎஸ் ஃபேன், கேபினட் ஃபேன், ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஐந்தாவது ஆள். இவர்கள் போதாதென்று தகர கேபினட், இவர்களுடைய நடுக்கத்தை வாங்கி மேளம் மாதிரி பெரிதாக்கும்.

ஹார்ட் டிஸ்க்கை விட்டால் மற்ற எல்லாமே ஃபேன். ஃபேன் சுற்றுவது சூட்டை வெளியே தள்ள. சூடு வருவது கரண்டிலிருந்து. கம்ப்யூட்டர் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 100 வாட் இழுக்கிற பெட்டி, கூடத்தின் மூலையில் வைத்த 100 வாட் ஹீட்டர். நடுவில் அது டேலி ஓட்டிக்கொடுத்தது நமக்கு லாபம், அவ்வளவுதான்.

ஆகவே சத்தத்தின் தாய் சூடு. ஃபேனை மாற்றுவது இரண்டாவது வேலை. சூட்டையே உண்டாக்காமல் இருப்பது முதல் வேலை. நல்ல செய்தி, சூடு குறைவான பொருள்கள் பெரும்பாலும் விலையும் குறைவானவை. சத்தமில்லாத கம்ப்யூட்டர் என்றால் காசு அதிகம் என்ற நினைப்பு அதனால்தான் பாதி தப்பு.

கொஞ்சம் பழைய கதை

இது பெரிய கம்பெனிகளே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 2004இல் இன்டெல் பிரெஸ்காட் என்ற புது பென்டியம் 4ஐ இறக்கியது. வேகம், வேகம் என்று கிகாஹெர்ட்ஸ் போட்டி நடந்த காலம். அந்தச் சிப்புகளின் சூட்டுக் கணக்கே 84 வாட்டிலிருந்து 115 வாட் வரை. அந்தச் சூட்டைத் தள்ள ஃபேன் கத்தும். இதே வழியில் போக முடியாது என்று அதே 2004இல், அடுத்து வரவிருந்த டெஜாஸ் என்ற சிப்பையே இன்டெல் கைவிட்டது. 2006இல் கோர் 2 டுவோ வந்தது. 65 வாட்தான், ஆனால் வேலையில் பென்டியம் 4ஐத் தூக்கிச் சாப்பிட்டது. சூட்டைக் குறைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்ட முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

இன்னொரு வேடிக்கை 2008இல். ஆட்டம் என்ற குட்டிப் பிராசஸர் வந்தது, சூட்டுக் கணக்கு வெறும் 4 வாட். அதைச் சேர்த்தே ஒட்டிய மதர்போர்டு ஒன்றையும் இன்டெல் விற்றது. 4 வாட் என்றால் ஃபேனே வேண்டாம்தானே? பிராசஸருக்கு வேண்டாம்தான். ஆனால் பக்கத்தில் இருந்த பழைய வகை சிப்செட் அதைவிடப் பல மடங்கு சூடு. அதன் தலையில் ஒரு குட்டி ஃபேன் வைத்திருந்தார்கள். சத்தம் அங்கிருந்து வந்தது :-)

இதில் இருக்கும் பாடம், ஒரு பொருளை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டி முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேவை என்ன?

எகனாமிக்ஸ் முதல் செமஸ்டரிலேயே தேவைக்கும் ஆசைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் குறைவு. டேலி, எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல், யூடியூபில் காஸ்டிங் கிளாஸ், எப்போதாவது ஒரு படம். இவ்வளவுதான் வேலை என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஒரு பொருளின் விலை மிச்சம், அதன் ஃபேன் மிச்சம், அதற்காகப் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்குகிற செலவும் மிச்சம். மொத்தத் திட்டத்திலேயே பெரிய சிக்கனம் இந்த ஒரு முடிவுதான்.

பிராசஸர்

உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற பிராசஸர் வேண்டும். 2022இல் வந்த இன்டெல் ஐ3-12100, 2021இல் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600ஜி மாதிரியானவை இதற்கு நல்ல உதாரணம். முதலாவதின் அடிப்படைக் கணக்கு 60 வாட், இரண்டாவதற்கு 65 வாட். இது வேலை மும்முரமாக நடக்கும்போதுதான். டேலியில் வவுச்சர் போடும்போது பிராசஸர் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல பேர் விழுகிற பள்ளம். ஐ3-12100 என்றும் இருக்கும், அதே பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்து எஃப் சேர்த்தும் இருக்கும். எஃப் இருந்தால் விலை கொஞ்சம் குறைவு. ஏன் குறைவு? உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது. வீட்டுக்கு வந்து மானிட்டரைச் சொருகினால் இருட்டு. அப்புறம் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் அதற்கு மேல் செலவழித்து, கூடவே ஒரு ஃபேனையும் வீட்டுக்கு அழைத்து வருவது.

இன்னும் குறைவாகப் போகணும் என்றால் 2023இல் வந்த இன்டெல் என்100 இருக்கிறது. சூட்டுக் கணக்கு 6 வாட். மதர்போர்டோடு ஒட்டியே வரும். ஃபேனே இல்லாத போர்டுகளும் உண்டு. டைப் அடிக்க, டேலி போட, வீடியோ பார்க்கப் போதும். ஒரே நேரத்தில் முப்பது டேப் திறந்து வைக்கிற ஆளுக்கு மூச்சு வாங்கும். பின்னால் பிராசஸரை மாற்றவும் முடியாது.

வெளிநாட்டு ரிவ்யூவும் சித்திரை மாத வெயிலும்

இணையத்தில் ரிவ்யூ படித்துவிட்டு வாங்குகிறவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடந்தவை. அரியலூர் மாவட்டத்துச் சித்திரை, வைகாசியில் வெளியே 40ஐத் தொடும். மத்தியானம் கூடத்துக்குள் 38 டிகிரி என்பது சாதாரணம்.

ஒரு கூலர், ஒவ்வொரு வாட்டுக்கும் 0.6 டிகிரி சூட்டை ஏற விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 வாட் ஓடினால் அறைச் சூட்டைவிட 39 டிகிரி கூடும். 22 டிகிரி அறையில் பிராசஸர் 61இல் நிற்கும். ஃபேன் சும்மா தூங்கும். அதே கூலர், அதே வேலை, 38 டிகிரி கூடத்தில் 77க்குப் போகும். மதர்போர்டு பயந்துபோய் ஃபேனை விரட்டும். ரிவ்யூவில் சத்தமே இல்லை என்று எழுதியிருந்த பொருள் இங்கே வந்து கத்துவது இதனால்தான். பொருள் மேல் தப்பு இல்லை, வெயில் மேலும் தப்பு இல்லை. கணக்கு மாறிவிட்டது.

இப்போது வாட்டைக் குறைத்துப் பாருங்கள். பிராசஸர் 20 வாட் மட்டும் எடுக்கிறது என்றால் ஏறுவது 12 டிகிரிதான். 38 டிகிரி கூடத்தில்கூட 50இல் நின்றுவிடும். ஃபேன் வெயிலைக் கண்டுகொள்ளவே வேண்டாம். சூடு குறைவான பிராசஸர் நல்லது என்று எல்லா ஊரிலும் சொல்லலாம். வெயில் ஊரில் அது கட்டாயம்.

பயாஸில் பிராசஸருக்கு வாட் உச்சவரம்பு வைக்கிற வசதி பல போர்டுகளில் உண்டு. 5600ஜியை 45 வாட்டுக்கு இறக்க ஏஎம்டியே அனுமதிக்கிறது. பைசா செலவில்லை. எண்ட்ரி போடுகிறவருக்கு வேகம் குறைந்தது தெரியவே தெரியாது.

ஃபேன் கணக்கு

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. ஃபேன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்று பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். காற்றில் பாதிதான் நஷ்டம், சத்தத்தில் அதைவிட நிறைய லாபம்.

காற்று குறைகிறதே என்றால், இன்னொரு ஃபேன் போடலாம். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றாது, 3 டெசிபல்தான் கூடும். 1500 சுற்றில் ஒரு ஃபேனுக்குப் பதில் 750 சுற்றில் இரண்டு ஃபேன் வைத்தால் ஏறக்குறைய அதே காற்று, 12 டெசிபல் குறைவு. ஃபேன் கூடினால் சத்தம் கூடும் என்று நினைப்பது இயல்பு. மெதுவாக ஓடினால் நேர்மாறு.

அளவும் அப்படித்தான். 80 மி.மீ. ஃபேனைவிட 120 மி.மீ. ஃபேனுக்குப் பரப்பு 2.25 மடங்கு. அவசரப்படாமல் சுற்றியே அதே காற்றைக் கொடுக்கும். சின்ன ஃபேனின் கீச்சுக் குரல்தான் தூங்குகிறவர் காதைக் குடையும். பெரிய ஃபேனின் சத்தம் காற்று மாதிரி கரைந்துவிடும்.

ஆகவே பிராசஸரோடு கொடுக்கிற குட்டி கூலருக்குப் பதில் 120 மி.மீ. ஃபேன் வைத்த உயரமான கூலர் ஒன்று வாங்கினால் அதுதான் இந்தப் பட்டியலில் உருப்படியான கூடுதல் செலவு. முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. கம்பெனி கூலரோடு, பயாஸில் ஃபேன் வேகத்தைக் குறைத்து ஒரு கோடை ஓட்டிப் பார்க்கலாம். மதர்போர்டு வாங்கும்போதே கேபினட் ஃபேனுக்கு நாலு முள் சாக்கெட் இரண்டாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்தை அடக்கி ஆள்வது அதன் வழியாகத்தான்.

எஸ்எம்பிஎஸ்: மறந்து போகிற ஆள்

கேபினட்டோடு சேர்த்து எஸ்எம்பிஎஸ் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கி வருவது வழக்கம். ஒரு கணக்கு பார்க்கலாம். உள்ளே பொருள்களுக்கு 100 வாட் தேவை. 70 சதவீதத் திறன் உள்ள எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 143 வாட் இழுக்கும். 43 வாட் அதன் வயிற்றிலேயே சூடு. 85 சதவீதத் திறன் என்றால் 118 வாட், சூடு 18தான். 43 வாட் சூட்டைத் தள்ளுகிற ஃபேனும் 18 வாட் சூட்டைத் தள்ளுகிற ஃபேனும் ஒரே மாதிரி ஓடுமா?

2004இல் ஆரம்பித்த 80 பிளஸ் என்ற சான்று இதற்குத்தான். அந்த முத்திரை உள்ள, 400லிருந்து 450 வாட், 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒன்று போதும். 750 வாட் வாங்கி வைப்பது, இரண்டு பேர் போகிற வீட்டுக்குப் பஸ் வாங்கி நிறுத்துகிற மாதிரி.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது வருகிற நல்ல எஸ்எம்பிஎஸ் சில, மலிவான யூபிஎஸ்ஸின் கரடுமுரடான பேட்டரிக் கரண்டோடு ஒத்துப்போகாது. கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். வாங்குவதற்கு முன்னால் வீட்டு யூபிஎஸ் மாடலைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

எஸ்எஸ்டி, ராம்

7200 சுற்று ஹார்ட் டிஸ்க் என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம்தான் தகர கேபினட்டில் ஏறி, மேசையில் இறங்கி, கட்டில் கால் வரைக்கும் போவது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது. சத்தம் பூஜ்யம். டேலி கம்பெனி திறக்கிற வேகமும் கூடும். பழைய படங்கள், கல்யாண வீடியோ எல்லாம் வெளியே சொருகுகிற ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். வேண்டும்போது மட்டும் சொருகிக்கொள்ளலாம்.

ராம் சத்தம் போடாது, ஆனால் விலை போடும். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்காக 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றம் எல்லா பட்ஜெட்டையும் குலைத்தது. முதலில் 8 ஜிபி போட்டு, இன்னொரு இடத்தைக் காலியாக விட்டு வைப்பது புத்திசாலித்தனம். விலைப் பட்டியல் இங்கே கொடுக்காததும் அதனால்தான். எழுதிய மை காய்வதற்குள் மாறிவிடும்.

கேபினட்டும் பல்லியும்

இப்போது ஃபேஷன், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மீன் தொட்டி மாதிரி அழகாக இருக்கும். மீனுக்குத் தண்ணீர் போல பிராசஸருக்குக் காற்று வேண்டாமா? முன்பக்கம் கம்பி வலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, 120 மி.மீ. ஃபேன் போட இடம். இவை மூன்றும் இருந்தால் போதும்.

தூசிக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் லாரிகளும். தா.பழூர்ப் பக்கம் அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசி. கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்தால் காற்று போகாது, சூடு ஏறும், ஃபேன் கத்தும். "வாங்கும்போது அமைதியா இருந்துச்சு, இப்ப கத்துது" என்கிற புகாரில் முக்கால்வாசி இதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். சைக்கிள் கடை கம்ப்ரஸரில் காட்டினால் ஃபேன் தறிகெட்டுச் சுற்றிக் கெடும், காற்றோடு ஈரமும் வரும்.

பின்னால் உபயோகிக்காத துளைகளை எல்லாம் மூடி வைப்பது நல்லது. பல்லி உள்ளே போய் முட்டையிடுவது நடக்காத காரியம் இல்லை. அப்புறம் வருகிற சத்தத்துக்கு எந்த ரிவ்யூவிலும் பதில் இருக்காது :-)

காசில்லாமல் செய்கிற காரியங்கள்

1. சிபியூவைத் தகர பீரோ மேலோ, கட்டிலை ஒட்டியோ வைக்கக் கூடாது. பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி நாலு மூலையிலும் வைத்தால் நடுக்கம் கீழே இறங்காது.

2. கதவு போட்ட மரக் கம்ப்யூட்டர் மேசைக்குள் அடைத்தால் சத்தம் குறையும் என்று தோன்றும். விட்ட சூட்டையே திரும்ப மூச்சு வாங்கி, அரை மணியில் முன்னைவிட அதிகம் கத்தும்.

3. தூரம் பெரிய மருந்து. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். கூடத்துக்குள் அவ்வளவு குறையாது, ஆனாலும் மூலை மாற்றிப் பார்க்கலாம்.

4. யூபிஎஸ் பீப் சத்தத்தை நிறுத்த சில மாடல்களில் பட்டன் இருக்கும். மேனுவலைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

எங்கே வாங்குவது?

சென்னை என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெயர் அதற்குத்தான். ஆனால் தா.பழூரிலிருந்து போய்வர ஒரு நாளும் பஸ் செலவும் ஆகும். ஒரு ஃபேன் சத்தம் போடுகிறது என்று மாற்றிக்கொண்டு வர மறுபடி ஒரு நாள். மதனத்தூர்ப் பாலம் தாண்டினால் கும்பகோணம், இந்தப் பக்கம் ஜெயங்கொண்டம், கொஞ்சம் தள்ளித் திருச்சி. விலை வித்தியாசத்தில் போக்குவரத்துச் செலவையும் கழித்துப் பார்த்தால், பக்கத்து ஊர்க் கடை பல நேரம் தோற்காது. கடைக்காரரிடம் சிபியூவை ஓடவிட்டுக் கேட்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் கடைத்தெரு இரைச்சலில் எல்லாப் பெட்டியும் அமைதியாகத்தான் இருக்கும். எடைபோட வேண்டியது ராத்திரி கூடத்தில்.

பில் இல்லாமல் கொடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பிராசஸருக்கும் எஸ்எஸ்டிக்கும் பல வருட வாரண்டி உண்டு. பில் இல்லாவிட்டால் அது வெறும் அட்டைப் பெட்டி. ஜிஎஸ்டி ரிட்டர்ன் எண்ட்ரி போடுகிற பையனே பில் இல்லாமல் வாங்கினால் எப்படி?

அசெம்பிள் பண்ணக்கூடக் காசு போதவில்லை என்றால், கம்பெனிகள் கழித்துவிட்ட பிராண்டட் கம்ப்யூட்டர்கள் ரீஃபர்பிஷ்டு என்று கிடைக்கின்றன. ஆபீஸில் வரிசையாக வைப்பதற்குச் செய்தவை, அதனால் சத்தம் குறைவாகவே இருக்கும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுகிற, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் போனால் கடைச் சரக்கு பொருந்தாது என்பது அதில் இருக்கிற குறை.

கரண்ட் கணக்கு

மூலதனச் செலவு ஒரு தடவை, நடைமுறைச் செலவு மாதாமாதம். 150 வாட் பெட்டி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 60 வாட் பெட்டி 21.6 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஆனது. அந்த 100இல் பாதிக்கு மேல் ஒரு பெட்டியே தின்னலாமா, ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கலாமா என்பதுதான் கேள்வி. 60 வாட் என்பது ஒரு பழைய சீலிங் ஃபேன் எடுப்பதைவிடக் குறைவு.

கரண்ட் போனபோதும் இதே லாபம். சாதாரண 600 விஏ யூபிஎஸ் ஒன்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி. 150 வாட்டில் அது சேவ் பண்ணி மூடத்தான் நேரம் தரும். 60 வாட்டில் இருக்கிற வவுச்சர்களை முடிக்கவும் நேரம் தரும். 2012 வாக்கில் கிராமப்புறங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக, சூட்டைக் குறைக்கிற ஒரே முடிவு நான்கு இடத்தில் பலன் தருகிறது. சத்தம் குறைகிறது, பில் குறைகிறது, பேட்டரி நீள்கிறது, வெயிலில் பெட்டியின் ஆயுளும் கூடுகிறது. வாட்டர் கூலிங், சத்தம் உறிஞ்சும் பஞ்சு என்று அதற்கு மேல் போகிறவர்கள் போகட்டும். முதலில் அதிகமாகச் சூட்டை உண்டாக்கிவிட்டு, பிறகு அதை விரட்டக் காசு செலவழிப்பது அது.

மறுபடி அந்தக் கூடத்துக்கு வருவோம். மாதம் பத்தாம் தேதி. ராத்திரி பதினொன்றரை. கரண்ட் போகிறது. சீலிங் ஃபேன் முனகி நிற்கிறது. மானிட்டர் வெளிச்சத்தில் பையன் மீதி இருக்கிற பில்களை அடித்துக்கொண்டிருக்கிறான். கட்டிலில் அசைவு.

"அய்யா, பொட்டிய அமத்திட்டியா?"

"ம்... நீ தூங்கு அப்பாயி."

பொய்தான். ஆனால் அப்பாயி நம்பிவிட்டாள். ஏனென்றால் தவளைச் சத்தம் கேட்கிறது.

பி.கு.: ஃபேனை எவ்வளவு அடக்கினாலும் கீபோர்டுச் சத்தம் அடங்காது. மெக்கானிக்கல் கீபோர்டு மேல் ஆசை இருக்கிறவர்கள் அப்பாயிக்குத் தனி ரூம் கட்டிய பிறகு வாங்கலாம்.